ஓர் உலைக்கு ஒரு மீட்டர்

மதுரையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர் முதலில் தண்ணீரை விசாரிக்கிறார். அடுத்த கேள்வி, "ஈ.பி. தனியா, சேர்த்தா?" சேர்த்துத்தான் என்றால் பதில் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: "யூனிட்டுக்கு எட்டு ரூபா. சப் மீட்டர் இருக்கு, நீங்களே பாத்துக்கலாம்." செல்லூர், ஆரப்பாளையம், முனிச்சாலைப் பக்கத்துக் காம்பவுண்டு வீடுகளில் ஒரே வாசலுக்குள் நான்கைந்து குடித்தனம் இருக்கும், மெயின் போர்டில் மின்வாரியத்தின் மீட்டர் ஒன்றுதான் தொங்கும். நகரை விட்டு ஒத்தக்கடை, வாடிப்பட்டி, திருமங்கலம் என்று போனால் இதன் இன்னொரு வடிவம். அண்ணன் தம்பி பாகம் பிரித்து, நடுவே சுவர் எழுப்பி, தனித்தனி வீடு கட்டியிருப்பார்கள். கரண்டு மட்டும் இன்னும் இறந்துபோன அப்பா பெயரில், பழைய வீட்டு மீட்டரிலிருந்து மூன்று வீட்டுக்கும் போகும். பில் வந்த அன்று பேச்சுவார்த்தை. சில வீடுகளில் அதோடு பேச்சுவார்த்தையே நின்றுவிடும்.

இதை அவரவர் வீட்டுச் சண்டை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் இது ஊர் முழுக்கப் பேச வேண்டிய விஷயம்.

2022 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். பிறகு சில காசுகள் கூடியிருக்கின்றன. படிக்கட்டு முறை அதேதான். இரண்டு மாதத்தில் 500 யூனிட் வரை ஓட்டும் வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100க்கு ரூ.2.25, அதற்கு மேல் 400 வரை ரூ.4.50, 500 வரை ரூ.6. ஐந்நூறைத் தாண்டிவிட்டால் படிக்கட்டே வேறு. ரூ.2.25 என்ற படி காணாமல் போய், 101ஆவது யூனிட்டிலிருந்தே ரூ.4.50 ஆகிவிடும், மேலே ரூ.8, ரூ.9 என்று ஏறி ஆயிரத்துக்கு மேல் ரூ.11.

ஒரு காம்பவுண்டில் உரிமையாளர் ஒரு வீடு, குடித்தனம் இரண்டு வீடு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 250 யூனிட். தனித்தனி மீட்டர் இருந்தால் ஒரு வீட்டுக்கு ரூ.450, மூன்றுக்கும் ரூ.1,350. ஒரே மீட்டரில் ஓடினால் 750 யூனிட், பில் ரூ.4,100. எரித்த மின்சாரம் ஒன்றே. மூன்று குடும்பத்துக்குச் சேர வேண்டிய 300 இலவச யூனிட்டில் 200 போய்விட்டது. மீதி யூனிட்டுகள் பணக்காரப் படியில் ஏறிவிட்டன.

இதோடு முடியவில்லை. இரண்டு குடித்தனக்காரர்களும் யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வீதம் ஆளுக்கு ரூ.2,000 கொடுக்கிறார்கள். உரிமையாளர் கையில் ரூ.4,000 சேர்கிறது, மின்வாரியத்துக்குக் கட்ட வேண்டியது ரூ.4,100. ஆக, அவர் வீட்டு 250 யூனிட்டுக்கு அவர் தரும் விலை நூறு ரூபாய். நாளைக்கே மூன்று மீட்டர் வந்தால் அவர் ரூ.450 கட்ட வேண்டிவரும். "எதுக்குத் தனி சர்வீஸ், அலைச்சல்தான்" என்று அவர் சொல்வதற்குப் பின்னால் இருப்பது அந்த 350 ரூபாய். எல்லா உரிமையாளரும் இப்படி என்று சொல்லவில்லை. வந்த பில்லை யூனிட்டால் வகுத்து, ரூ.5.47 என்று காசு சுத்தமாக வாங்குகிறவர்கள் உண்டு. அவர்களுடைய குடித்தனக்காரரும் ரூ.450 கட்ட வேண்டிய இடத்தில் ஏறக்குறைய ரூ.1,367 கட்டுகிறார். உரிமையாளரின் நேர்மையால் மட்டும் சரிசெய்ய முடியாத குறை இது.

மின்வாரியத்துக்கும் அவசரம் கிடையாது. ரூ.4,100 வந்த இடத்தில் ரூ.1,350 வந்தால் எந்த அலுவலகமும் தானாக முன்வந்து மீட்டர் மாட்டாது. மிச்சத்தை அரசு மானியமாக ஈடுகட்ட வேண்டும், கஜானாவுக்குச் சுமைதான் என்ற வாதமும் வரும். ஆனால் 2016 மே மாதம் அந்த 100 இலவச யூனிட் வீடுகளுக்கு அறிவிக்கப்பட்டபோது, வாசல் பங்கிட்டு வாழ்கிறவர்களுக்குக் கிடையாது என்று யாரும் சொல்லவில்லை. நிலையூர் கைத்தறி நகரில் இரண்டு நெசவாளர் குடும்பம் ஒரு மீட்டரில் இருந்தால், 2023இல் 200இலிருந்து 300 யூனிட்டாக உயர்த்தப்பட்ட கைத்தறி இலவச மின்சாரச் சலுகை இரண்டு தறிக்கும் எப்படிப் போய்ச் சேரும்?

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரே குடும்பம், ஒரே வீடு, மூன்று சர்வீஸ். கீழ்த்தளம், மாடி, மொட்டைமாடி அறை என்று எழுதி வாங்கி, 750 யூனிட்டை மூன்றாகக் கூறுபோட்டு ரூ.1,350 கட்டுகிறவர்கள் அண்ணா நகரிலும் கே.கே. நகரிலும் இல்லாமலா இருக்கிறார்கள்? ஒரு குடியிருப்புக்கு ஓர் இணைப்பு, கூடுதல் இணைப்புக்குப் பொதுப் பயன்பாட்டுக் கட்டணம் என்று மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2022இல் சொன்னது இவர்களை நினைத்துத்தான். அந்த ஆணையைக் காட்டி, உண்மையாகவே தனித்தனியாகச் சமைத்துச் சாப்பிடும் குடும்பங்களின் இணைப்பைச் சேர்த்துவிடக் கூடாது. ரேஷன் கார்டுக்கு நாம் ஏற்கெனவே ஒத்துக்கொண்ட அளவுகோல் ஒன்று இருக்கிறது: தனிச் சமையல். அதையே மீட்டருக்கும் வைக்கலாம். ஓர் உலைக்கு ஒரு மீட்டர். இரண்டும் வேண்டாம், பாதியும் வேண்டாம்.

தனி இணைப்பு கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஒரே கதவிலக்கத்தில் ஒன்றுக்கு மேல் இணைப்பு வேண்டுமானால் வீடுகள் நிரந்தரமாகப் பிரிந்திருக்க வேண்டும், வயரிங்கும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. உரிமையாளர் சம்மதக் கடிதம் தர மறுத்தால், முறைப்படி குடியிருப்பதற்கான சான்றோடு உறுதிப் பத்திரம் எழுதிக்கொடுத்து, இரு மடங்கு வைப்புத்தொகை கட்டி, குடியிருப்பவரே விண்ணப்பிக்கலாம். உரிமையாளரைப் பகைத்துக்கொண்டு அப்படிச் செய்கிறவர் எத்தனை நாள் அந்த வீட்டில் இருப்பார் என்பது வேறு விஷயம். அதனால்தான் இதை ஒத்துப்பேசி முடிக்க வேண்டும் என்கிறோம்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நிலைமை இப்போது தெளிவு. மின்நுகர்வோர் உரிமை விதிகளில் 2024 பிப்ரவரியில் செய்த திருத்தப்படி, தனித்தனி இணைப்பா, சங்கத்தின் பெயரில் ஒரே இணைப்பா என்பதைக் வீட்டு உரிமையாளர்களில் பெரும்பான்மையினர் முடிவு செய்யலாம். எதுவானாலும் வீட்டுப் பயன்பாடு, ஜெனரேட்டர் மின்சாரம், பொதுப் பகுதி மூன்றையும் தனித்தனியே அளந்து பில் போட வேண்டும். மீட்டரில் சந்தேகம் என்று புகார் கொடுத்தால் ஐந்து நாளுக்குள் சோதனை மீட்டர் மாட்டி, குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

தனி இணைப்பு வரும்வரை என்ன செய்வது? எண்ணுவது. சப் மீட்டர் எந்த எலெக்ட்ரிகல் கடையிலும் கிடைக்கிறது, ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்க வேண்டும். மாட்டுவது எளிது, படிப்பதில்தான் கோளாறு. கணக்கீட்டாளர் ரீடிங் எடுக்க வரும் அதே நாளில், எல்லாச் சப் மீட்டரையும் குடித்தனக்காரரை வைத்துக்கொண்டே குறிக்க வேண்டும். சப் மீட்டர்களின் கூட்டுத்தொகைக்கும் மெயின் மீட்டருக்கும் சிறு வித்தியாசம் இருக்கலாம். பெரிதாக இருந்தால் அங்கே யாரோ, அல்லது எதுவோ இருக்கிறது. பல காம்பவுண்டுகளில் அது போர் மோட்டார்தான். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். மோட்டாருக்கும் நடைவிளக்குக்கும் தனியாக ஒரு சப் மீட்டர் வைத்து, அந்தச் செலவை வீட்டுக் கணக்கில் பிரிக்காமல் தலைக்கணக்கில் பிரிப்பதே நியாயம். இரண்டு பேர் குடும்பமும் ஏழு பேர் குடும்பமும் ஒரே அளவு தண்ணீரா பிடிக்கிறது?

மோட்டாரும் இல்லை, வித்தியாசம் மட்டும் இருக்கிறது என்றால் கசிவைத் தேட வேண்டும். மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு துடிக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்பது, 3200 என்றோ 1600 என்றோ, பக்கத்திலேயே எழுதியிருக்கும். எல்லா வீட்டு மெயினையும் அணைத்த பிறகும் அது துடித்தால், சுவருக்குள் எங்கோ மின்சாரம் வழிகிறது என்று பொருள். ஒரு வீட்டுக்கென்று வாங்கிய மின்சுமையில் மூன்று ஃபிரிட்ஜ், மூன்று மிக்சி, இப்போது ஒரு ஏ.சி.யும் என்று பழைய வயரில் ஏற்றினால், பில்லைவிடப் பெரிய நட்டம் காத்திருக்கிறது. வீட்டுக்கு வீடு கசிவுத் தடுப்பான் தனியாக வைப்பதைத் தள்ளிப்போடவே கூடாது.

நகரின் விளிம்பில் நடப்பது இன்னொன்று. ஊமச்சிகுளம், நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் வயல்கள் மனைகளாகிக்கொண்டிருக்கின்றன. "அண்ணே, வேலை முடியுறவரைக்கும் ஒரு வயர் இழுத்துக்கிறேன்" என்று பக்கத்து மனைக்காரர் கேட்பார். மறுக்க மனம் வராது. 2003 மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவுப்படி, அனுமதித்த இடம் தவிர வேறு இடத்துக்கு மின்சாரம் கொடுப்பது அங்கீகாரமற்ற பயன்பாடு. கட்டணம் இரு மடங்கு. எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்குப் போடுவார்கள். நோட்டீஸ் வயர் கேட்டவருக்கு வராது, கொடுத்தவருக்குத்தான் வரும். தோட்டத்துப் பம்புசெட் இணைப்பிலிருந்து வீட்டுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் லைன் இழுப்பதும் இதில்தான் சேரும். 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் இலவசம் என்பதால் பம்புசெட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டரே கிடையாது. மாநிலம் முழுக்க மாதிரி மீட்டர்களை வைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். உழவு மின்சாரத்தின் பெயரில் வீட்டு மின்சாரமும் கரையும்போது, கடைசியில் கேள்வி கேட்கப்படுவது உழவரைத்தான்.

மாநகராட்சியின் நூறு வார்டுகளிலும் பகுதி சபை என்று ஒன்று இருக்கிறது, ஊராட்சிகளில் கிராமசபை. சாக்கடை, தெருவிளக்கு போல இதையும் அங்கே எடுக்கலாம். மின்வாரியத்தார் விண்ணப்பப் படிவத்தோடு ஒருநாள் வந்து உட்கார்ந்தால் போதும். 2023இல் பெயர் மாற்றத்துக்குச் சிறப்பு முகாம் நடத்தினார்களே, அதேபோல.

உரிமையாளர்களிடம் ஒன்று. தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. மின்சாரத்தைத் துண்டித்துக் குடித்தனக்காரரை மிரட்ட அதில் இடமில்லை, ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும். மின்கட்டணத்தையும் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். முன் சொன்ன அதே கணக்கை எடுங்கள். தனி மீட்டர் வந்ததும் இரண்டு குடித்தனக்காரரும் மாதம் நூறு ரூபாய் வாடகை கூட்டிக்கொடுக்கட்டும். இரண்டு மாதத்தில் உரிமையாளருக்கு ரூ.400 வருகிறது, அவர் இழப்பது ரூ.350தான். குடித்தனக்காரருக்கு ரூ.2,000 கட்டிய இடத்தில் கூடுதல் வாடகையும் சேர்த்து ரூ.650. வயரிங் பிரிக்கும் செலவை முதல் ஆண்டு அந்த மிச்சத்திலிருந்து இருதரப்பும் போட்டுக்கொள்ளலாம்.