கல்லறையிலும் சாதியா?

ஆதித் திருச்சபையின் பெருமையைப் பேசாத பிரசங்க மேடை தமிழகத்தில் இல்லை. எருசலேமின் முதல் விசுவாசிகள் உடைமைகளைப் பங்கிட்டதையும் வீடுதோறும் கூடி அப்பம் பிட்டதையும் ஆண்டுதோறும் கேட்கிறோம். ஆனால் அந்த மேடைகளுக்குக் கீழேயே சாதிக்கொரு கல்லறை இருக்கிறது. தலித் தெருவுக்குள் நுழையாத தேர்பவனி இருக்கிறது. தலித் குடும்பத்திடம் திருவிழா வரி வாங்க மறுக்கும் ஊர்க் கமிட்டி இருக்கிறது. சாதிக் கணக்குப் போட்டே நடக்கும் திருமண்டலத் தேர்தல் இருக்கிறது. இவற்றைச் செய்கிறவர்களைவிட, தெரிந்தும் பொறுத்துக்கொள்ளும் ஆயர்களையும் பேராயர்களையும் குருக்களையுமே இத்தலையங்கம் கண்டிக்கிறது.

திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித்துகளைப் பிரித்து நின்ற சுவர் ஊரறிந்தது. விழுப்புரம் பகுதி எறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்ட விவகாரம் 2008 மார்ச்சில் கலவரமாகி, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். ஒரே பலிபீடத்தில் நற்கருணை வாங்கியவர்கள் இந்த நிலைக்கு வந்தது ஒருநாளில் நடந்ததல்ல. பல ஆண்டுகள் தள்ளிப்போட்டதன் விலை அது.

கேட்டால் ஒரே பதில்: “ஊர் வழக்கம், மெல்லத்தான் மாற்ற முடியும்.” இந்தப் பதிலை அப்போஸ்தலர்கள் சொல்லியிருந்தால் திருச்சபை எருசலேமைத் தாண்டியிருக்காது. முதல் சபையில் பாகுபாடே இல்லை என்று யாரும் மயங்க வேண்டாம். இருந்தது. அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் புறக்கணிக்கப்பட்டார்கள். முறையீடு வந்ததும் அப்போஸ்தலர்கள் சபையைக் கூட்டினார்கள். பந்திப் பொறுப்புக்கு எழுவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். எழுவர் பெயரும் கிரேக்கப் பெயர். அதாவது, குறைசொன்ன தரப்பின் கையிலேயே பொறுப்பு போய்ச் சேர்ந்தது. நம் பங்குப் பேரவைகளில் இப்படி நடந்த ஊர்கள் எத்தனை?

அந்தியோகியாவில் தவறியவர் சாதாரண விசுவாசி அல்ல, பேதுருவே. புறஇனத்தாரோடு உண்டுவந்தவர், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பவுல் அவரைத் தனியறைக்கு அழைத்துச் சமாதானம் பேசவில்லை. எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே கண்டித்தார். கொரிந்துவில் வசதியுள்ளவர்கள் முந்தி உண்டு ஏழைகளைப் பசியோடு விட்டபோது, அது ஆண்டவருடைய பந்தியே அல்ல என்று எழுதினார். பந்தியில் பிரிவினையை அவர் நிர்வாகச் சிக்கலாகப் பார்க்கவில்லை, விசுவாச மறுப்பாகவே பார்த்தார்.

அந்தக் கண்டிப்பு வீண்போகவில்லை. சுமார் 112-இல் பித்தினியாவின் ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், தாம் சித்திரவதை செய்து விசாரித்த இரு அடிமைப் பெண்கள் சபையில் ஊழியப் பொறுப்பு வகித்தவர்கள் என்று குறிப்பிடுகிறார். உரோமையில் அப்பியா சாலைக் கல்லறையின் பொறுப்பு முன்னாள் அடிமையான கலிஸ்துவிடம் ஒப்படைக்கப்பட்டது. சுமார் 217-இல் அவரே உரோமையின் ஆயரானார். அவர் பெயர் தாங்கிய அந்த நிலத்தடிக் கல்லறையில் மூன்றாம் நூற்றாண்டுத் திருத்தந்தையர் பலரும் எளிய மக்களும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அடிமை முறை சட்டமாக இருந்த பேரரசில் இது முடிந்தது. தீண்டாமையை அரசியல் சாசனமே ஒழித்த நாட்டில் நம்மால் முடியவில்லையாம்!

அவகாசம் போதவில்லை என்றும் சொல்ல வழியில்லை. கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதியது 1833-இல். வடக்கன்குளத்தில் சாதிகளைப் பிரித்து உட்காரவைக்கவே கட்டப்பட்ட கோயிலின் தடுப்பு 1910-இல் அகற்றப்பட்டது. எதிர்த்து வழக்காடிய வெள்ளாளக் கிறிஸ்தவர்களின் உரிமைக் கோரிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றமும் ஏற்கவில்லை. 2003-இல் தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்தார். 2016-இல் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையையே வெளியிட்டது. எழுத்துக்குக் குறைவில்லை, செயலுக்குத்தான் பஞ்சம்.

ஆகவே ஒவ்வொரு மறைமாவட்டமும் திருமண்டலமும் தன் எல்லையிலுள்ள சாதிக் கல்லறைகள், தனிச் சவ வண்டிகள், தடுக்கப்பட்ட பவனிப் பாதைகள் ஆகியவற்றின் பட்டியலை வெளியிட வேண்டும். வரும் கல்லறைத் திருநாளுக்குள் சுவர்கள் இடிக்கப்பட வேண்டும். எல்லார் தெருவுக்கும் போகாத தேர், கோயிலைவிட்டுப் புறப்படவே கூடாது. பாகுபாட்டுக்குத் துணைபோகும் குருவை இடம் மாற்றினால் போதாது, பொறுப்பிலிருந்து நீக்க வேண்டும். பங்குப் பேரவையிலும் குருத்துவப் பயிற்சியிலும் உயர் பொறுப்புகளிலும் தலித்துகளுக்கு உரிய இடம் தரப்பட வேண்டும்.

ஊர் எதிர்க்கும், காணிக்கை குறையும் என்று அஞ்சுகிறவர்கள் அஞ்சட்டும். பேதுருவையே திருத்திய சபை இது. சாதிக்கு அஞ்சி வாய்மூடி இருப்பவர்கள் ஆதித் திருச்சபையின் வாரிசுகள் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை இழந்துவிட்டார்கள்.