ஒப்பிப்பது எண்ணுவதாகுமா?

"எங்கள் பிள்ளை நூறு வரை சொல்லுவான்!" என்று மார்தட்டாத தந்தை இல்லை, பூரிக்காத தாய் இல்லை. விருந்தினர் வந்தால் போதும், விளையாடிக்கொண்டிருக்கும் மூன்றரை வயதுக் குழந்தை நடுக்கூடத்தில் நிறுத்தப்படும். மூச்சு விடாமல் ஒப்பிக்கும். கைதட்டல்! கற்கண்டு! நாமும் கைதட்டியவர்கள்தாம், மறுக்கவில்லை. ஆனால் அதே குழந்தையின் முன் புளியங்கொட்டைகளைக் கொட்டி, "ஐந்து எடுத்துக் கொடு" என்று கேட்டுப் பாருங்கள், தோழர்களே! கைக்கு வந்ததை அள்ளிக் கொடுக்கும் குழந்தைகள் பலர். ஐந்தை வரிசையாக வைத்து எண்ணச் சொன்னால் எண்ணுவர், முடிந்ததும் "எத்தனை?" என்றால் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவர். நாவிலே நூறு, அறிவிலே இரண்டு!

குறை குழந்தையுடையதன்று. புரியாத மொழியில் மந்திரம் ஓதினால் பொருள் கேளாமல் கைகூப்பிப் பழகிய சமுதாயம், பிள்ளையின் வாயில் எண் உருளும்போது மட்டும் பொருள் கேட்குமா? திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை உரக்கக் கூவி உருப்போட்டனர். முந்திரியும் மாகாணியும் மனப்பாடம். அங்கே கூரிய கணக்கர்களும் உருவாயினர், உண்மைதான். அந்தக் கணக்கு யாருக்குப் பயன்பட்டது? திண்ணையில் ஏறவிடப்படாதவன் களத்துமேட்டில் நின்றான். மரக்கால் பிடித்தவன் சொன்னதே அளவு. கடன் கொடுத்தவன் எழுதியதே வட்டி. இவனுக்கு மிஞ்சியது கட்டைவிரல் மை! பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழகச் சொன்ன குலக்கல்வித் திட்டத்தை 1953-இல் எதிர்த்து நின்றோம். 1954-இல் அது கைவிடப்பட்டது. பள்ளிக்குள் நுழைந்த பிள்ளை அங்கே கிளியாகக் கூவுவதற்கா அத்தனை போராட்டம்?

எண்ணையும் விட்டுவைத்ததா மூடத்தனம்? நெல் அளக்கும் பெரியவர் 'ஒன்று' என்று சொல்ல அஞ்சி, 'லாபம்' என்று தொடங்குவார். எட்டு என்றால் முகம் சுளிப்பவர் உண்டு. மொய் எழுதும்போது நூறு ஆகாதாம், நூற்றொன்று வேண்டுமாம்! நல்ல எண், கெட்ட எண் என்று பெரியவர்களே பிரித்து வைத்திருக்கும் வீட்டில், எண் என்பது பொருள்களின் அளவைக் குறிக்கும் சொல் என்று பிஞ்சு உள்ளம் எப்படித் தெளியும்?

அறிவியல் சொல்வதோ எளிது. ஜெனீவா அறிஞர் பியாஜே 1941-இல் வெளியிட்ட நூலில், சமமான இரு வரிசைகளில் ஒன்றைச் சற்று அகட்டி வைத்தாலே, அதில்தான் அதிகம் என்று சிறு பிள்ளைகள் கருதுவதைக் காட்டினார். 1978-இல் கெல்மன், காலிஸ்டல் இருவரும் எண்ணுதலின் நெறிகளை வகுத்தனர்: ஒரு பொருளுக்கு ஒரே சொல்; சொற்களின் வரிசை மாறலாகாது; கடைசியாகச் சொன்னதே மொத்தம்; எந்தப் பொருளிலிருந்து தொடங்கினாலும் மொத்தம் மாறாது. குழிக்கு ஒரு முத்தாகப் போட்டுச் செல்லும் பல்லாங்குழியில் முதல் நெறி முழுவதும் இருக்கிறதே! அதைப் பெண்களின் பொழுதுபோக்கு என்று மூலையில் போட்டோம். விரல்விட்டு எண்ணும் பிள்ளையின் தலையில் குட்டுகிறோம். விரல்தானே இயற்கை தந்த முதல் பலகை?

நம் மொழியோ கணக்கைத் தன் சொல்லிலேயே விளக்குகிறது. பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும். இருபத்திரண்டு என்றால் இரு பத்தும் இரண்டும். (ஒன்பதும் தொண்ணூறும் சற்று முரண்டு பிடிக்கும், ஒப்புக்கொள்கிறோம்.) இந்த வெளிச்சத்தை அணைத்துவிட்டு, பத்தை ஒளித்து வைத்திருக்கும் 'இலெவன்', 'ட்வெல்வ்' என்பவற்றைப் பால் மணம் மாறாத வாயில் திணிப்பது நாகரிகமாம்!

அங்கன்வாடி உள்ள ஊர்த் தோழர்களும், படிப்பகம் நடத்தும் தோழர்களும் இனி "நூறு வரை சொல்லு" என்று கேட்க வேண்டா. இரவு உணவு வேளையில், "நாம் எத்தனை பேர் உட்காருகிறோமோ அத்தனை தட்டு எடுத்து வா" என்று வீட்டுச் சிறுமியை அனுப்புங்கள்; சிறுவனையுந்தான்! ஐவர் வீட்டில் நான்கு தட்டு வரும். திட்டாதீர்கள், திருத்தாதீர்கள். ஆளுக்கொன்றாக அவளே வைத்து வரட்டும். பாட்டியின் முன் தரை வெறுமையாக இருப்பதைக் கண்டு ஒரு கணம் நிற்பாள். பிறகு அடுக்களைக்கு ஓடுவாள், இன்னும் ஒன்றே ஒன்று எடுத்துவர.