எண்ணிப் பார்த்து மருந்தடியுங்கள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் பண்ருட்டி, விருத்தாசலம் பகுதி முந்திரித் தோப்புகள் துளிர்விடும். கூடவே தேயிலைக் கொசுவும் வந்துவிடும். பெயர்தான் கொசு; உண்மையில் இது சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி. இது குத்திய இடத்தில் பிசின் கசிந்து கரும்புள்ளி விழும். துளிர் கருகும், பூங்கொத்து காயும், பிஞ்சு உதிரும். கவனிக்காமல் விட்டால் மகசூலில் பெரும்பகுதி போய்விடும்.

இந்தப் பயத்தால், பக்கத்துத் தோப்பில் தெளிப்பான் சத்தம் கேட்டதுமே மருந்துக் கடைக்கு ஓடுகிறோம். துளிருக்கு ஒன்று, பூவுக்கு ஒன்று, பிஞ்சுக்கு ஒன்று என்று 3 முறை அடிப்பது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. தோப்பில் பூச்சி எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு.

பார்ப்பது கடினமல்ல. துளிர்விட்டது முதல் வாரம் ஒருமுறை, வெயில் ஏறுமுன் தோப்பின் குறுக்கே நடந்து 10 மரங்களைப் பாருங்கள். ஒவ்வொரு மரத்திலும் நான்கு பக்கமும் பக்கத்துக்கு 10 துளிர் பார்த்தால் மொத்தம் 400. அதில் கரும்புள்ளி விழுந்தவை எத்தனை என்று நோட்டில் குறியுங்கள். கொய்யா, வேம்பு ஓரமாக உள்ள மரங்களைத் தவறவிடாதீர்கள். அவற்றிலும் இந்தப் பூச்சி தங்கும். எண்ணிக்கை வாராவாரம் ஏறினால் தாமதிக்காமல் வேளாண் அலுவலரிடம் நோட்டைக் காட்டி, பரிந்துரைத்த மருந்தைப் பரிந்துரைத்த அளவில் தெளியுங்கள். ஏறாவிட்டால் பொறுத்திருங்கள்.

தேவையில்லாமல் அடிக்கும் மருந்து, இந்தப் பூச்சியைத் தின்னும் முசுறு எறும்பையும் சிலந்தியையும் கொல்லும். பூ மலர்ந்திருக்கும்போது அடித்தால், காய் பிடிக்க உதவும் தேனீக்களும் சாகும்.

கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்கள் மீது 1970களில் தொடங்கி 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்ததும் இதே தேயிலைக் கொசுவுக்காகத்தான். அங்குள்ள கிராமங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களின் துயரம் இன்றும் தீரவில்லை. உச்ச நீதிமன்றம் 2011-ல் அந்த மருந்துக்கு நாடு முழுவதும் தடை விதித்தது. மருந்தின் பெயர் மாறியிருக்கிறது; பார்க்காமல் அடிக்கும் பழக்கம் மாறவில்லை.

வேளாண் விரிவாக்கப் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். துண்டறிக்கை கொடுப்பதோடு நிற்காமல், துளிர்ப் பருவத்தில் ஊருக்கு ஒரு தோப்பிலாவது விவசாயிகளோடு நடந்து எண்ணிக் காட்டுங்கள். பூச்சிக்கு வரப்பு தெரியாது. அடுத்தடுத்த தோப்புக்காரர்கள் ஒன்றாக எண்ணி, ஒன்றாக முடிவெடுத்தால்தான் செலவு குறையும், விளைச்சலும் நிற்கும்.