சட்டத்துள் அடைபட்ட தோல்: தோற்கருவிக் காட்சிமுறைக்கு ஒரு மறுப்பு

தோற்கருவியின் தோலைக் கட்டையினின்று பிரித்து, மரச்சட்டத்தில் ஆணியறைந்து, கண்ணாடியிட்டுச் சுவரில் மாட்டுவதைப் பண்பாட்டுப் பாதுகாப்பு எனக் கொள்வோர் உளர். முழக்கம் ஓய்ந்த கருவியின் எச்சத்தையாவது காக்கின்றோம் என்பது அவர்தம் கூற்று. முரசம் கட்டிலில் வைத்துப் போற்றப்பெற்றது என்னும் சங்கச் செய்தியையும் அவர்கள் துணைக்கு அழைக்கக்கூடும். அத்துணை அவர்களுக்குக் கிட்டாது.

புறநானூற்று 50ஆம் பாடலில் மோசிகீரனார் துயின்றது வெறுங்கட்டிலில். முரசம் அப்பொழுது நீராட்டுக்குச் சென்றிருந்தது. நீராடி மீளும் முரசம் மீண்டும் முழங்குதற்குரியது. கட்டில் அதன் இருப்பிடமேயன்றிக் காட்சிமேடை அன்று. 288ஆம் பாடலோ இன்னும் தெளிவானது. பொருது வென்ற ஏற்றின் தோல், மயிர் சீவாமல் முரசிற் போர்க்கப்பெற்றதென்கிறது. எவ்விலங்கு, எவ்வாறு தேர்ந்தது, எந்நிலையிற் போர்த்தது என்னும் மூன்று செய்திகளையும் சங்கப் புலவர் பதிந்து வைத்தனர். இன்றைய காட்சிச் சட்டங்களின் அடியில் ‘பழங்கால மத்தளத் தோல்’ என்னும் மூன்று சொற்களே பெரும்பாலும் எஞ்சுகின்றன! அரங்கேற்று காதை உரையில் முப்பதுக்கு மேற்பட்ட தோற்கருவிகளின் பெயர்களைத் தந்த அடியார்க்குநல்லார்க்கு இருந்த அக்கறையிற் சிறு பங்கும் நமக்கு இல்லை போலும்.

பாலக்காட்டு மாவட்டத்துப் பெருவெம்பு இங்குக் கருதத்தக்கது. செண்டை, மத்தளம், மிருதங்கம் ஆகியவற்றுக்குத் தோல் பதப்படுத்திக் கட்டும் குடும்பங்கள் வாழும் ஊர் அது. பாலக்காட்டு மத்தளம் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. மிருதங்கம் ஒன்றற்கே பசு, ஆடு, எருமை ஆகிய மூன்றன் தோலும் வேண்டும். வலந்தலை ஒற்றைத் தோலன்று. தட்டுகள் பல அடுக்கப்பட்டு, மூட்டிற் பின்னி, வாரால் இழுக்கப்படுவது. கிட்டக்கல் பொடியும் சோறும் குழைத்து இடும் கரணையே அதன் நாதத்தை அமைக்கிறது. வாரை அவிழ்த்துத் தட்டை மட்டும் சட்டத்தில் ஏற்றுவோர், ஏட்டின் ஒரு பக்கத்தைக் கிழித்து நூலைக் காத்ததாகக் கூறுவோரை ஒப்பர்.

பாலக்காட்டு மணி ஐயரின் (1912–1981) பெயரை அறியாத இசையன்பர் இலர். அவர்க்கு மிருதங்கம் அமைத்த பர்லாந்தின் பெயரை அறிந்தோர் எத்தனைபேர்? டி. எம். கிருஷ்ணாவின் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ 2020இல் வெளிவந்த பின்னரே இக்கேள்வி பரவலாயிற்று. தோலைத் தொடுவோரைத் தீண்டாமையால் விலக்கிய சமூகம் அவர்தம் கைவினையை மட்டும் கண்ணாடிக்குள் ஏற்றி வியக்கிறது. சட்டம் தோலிலிருந்து நாற்றத்தோடு மனிதனையும் நீக்கிவிடுகிறது.

பாதுகாப்பு என்ற வகையிலும் இம்முறை பிழையானது. பதனிடாத் தோல் ஈரத்தை உறிஞ்சித் தளரும், வறண்டாற் சுருங்கும். கணவாய் வழி வீசும் வறண்ட கீழ்க்காற்று பாலக்காட்டிலும், நெடுமழை இடுக்கியிலும் இதனை ஆண்டுதோறும் மெய்ப்பிக்கின்றன. விளிம்பில் அறைந்த ஆணி தோலுக்கு அசைய இடந்தராது; சுருக்கத்தில் ஆணித்துளையே முதலிற் கிழியும். ஈரநாளில் கண்ணாடியொட்டிப் பூஞ்சை படரும். பறையைத் தீயிற் காய்ச்சி இறுக்கும் கலைஞர் தோலின் இவ்வியல்பை நன்கறிவர்.

இடுக்கியின் மன்னான் மக்கள் கோவலன் கண்ணகி கதையைக் கூத்தாக நிகழ்த்துகின்றனர். சிலப்பதிகார ஆய்வாளர்க்கு அக்கூத்தின் கொட்டு உயிர்ச்சான்று. அதன் தோல் கிழிந்தால் மாற்றுத்தோல் கட்டப்பெறுதல் வேண்டும். கிழிந்த தோல் தேவைப்பட்டால், கட்டியவர் பெயர், ஊர், விலங்கு, கழற்றிய நாள் ஆகியன எழுதி, ஆணியின்றித் தட்டையாகத் தாங்கித் துறையில் வைத்துக்கொள்ளலாம். கூலியும் கட்டியவர்க்கே சேரவேண்டும்.