மாவட்டங்களின் நகராக்கம்: சபை எல்லையால் நேரும் பிழை

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி கொழும்பு மாவட்ட மக்களில் 77.6 சதவீதத்தினர் நகரவாசிகள். அதை ஒட்டிக் கிடக்கும் கம்பஹாவில் இது 15.6 சதவீதம்தான், மட்டக்களப்பிலோ 28.7 சதவீதம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, பொலன்னறுவை, மொனராகலை ஆகிய நான்கு மாவட்டங்களிலும் நகரவாசி ஒருவர்கூடப் பதிவாகவில்லை.

அப்போது கம்பஹாவில் ஒரு சதுர கிலோமீற்றருக்கு 1,700 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். மட்டக்களப்பில் ஏறத்தாழ 200 பேர். இருந்தும் மட்டக்களப்பே நகராக்கத்தில் முந்தி நின்றது. இந்த எண்களை அட்டவணையாகக் கரும்பலகையில் எழுதும் புவியியல் ஆசிரியரும், அவற்றைக்கொண்டு மாவட்டத் திட்டம் வரையும் அலுவலரும் காரணம் கேளாமல் கடந்து போகக் கூடாது.

வேறுபாட்டின் ஒரு பகுதி மெய்யானது. அதற்கு வரலாறு உண்டு. பெருந்தோட்ட விளைபொருளை ஏற்றுமதி செய்யவே கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதப் பாதை போடப்பட்டு 1867இல் நிறைவுற்றது. வீதிகளும் வங்கிகளும் கச்சேரிகளும் துறைமுகத்தை நோக்கியே திரண்டன. மலையகத்தில் அதே பெருந்தோட்டம் நகர வளர்ச்சியைக் கட்டுப்படுத்தியது. லயன் வீடும் பிள்ளை மடுவமும் மருந்தகமும் தோட்டத்துக்குள்ளேயே அமைந்ததால், அட்டன், தலவாக்கலை போன்றவை கடைத்தெருவும் புகையிரத நிலையமும் கொண்ட சிறு பட்டினங்களாகவே நின்றன. நுவரெலியா மாவட்ட மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 2012இலும் பெருந்தோட்டத் துறையிலேயே கணக்கிடப்பட்டார்கள்.

வறண்ட வலயத்தின் கதை வேறு. கல்லோயா, மகாவலி குடியேற்றத் திட்டங்கள் குடும்பத்துக்கு இவ்வளவு வயல் என்று காணி பகிர்ந்து, மக்களை வாய்க்கால்களை ஒட்டிப் பரப்பிக் குடியமர்த்தின. கிழக்குக் கரையில் மட்டக்களப்பிலோ கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் மக்கள் செறிந்தார்கள். வயல்கள் படுவான்கரையில் விரிந்தன. காத்தான்குடியின் நெருக்கத்துக்கு இந்த நில அமைப்பும் ஒரு காரணம். வன்னியை யுத்தம் வெறுமையாக்கியது. 2009க்குப் பிறகு மீளக் குடியேறியவர்கள் கூரை வேய்ந்துகொண்டிருந்த காலத்தில்தான் 2012 மதிப்பீடு நடந்தது. நாடு முழுவதற்கும் பொதுவான காரணமும் ஒன்று உண்டு. 1945இல் தொடங்கிய இலவசக் கல்வியும், கிராமம்வரை சென்ற மருத்துவமனையும் பேருந்தும், ஊரில் இருந்துகொண்டே பட்டினத்தில் வேலை பார்க்க வழிசெய்தன.

ஆனால் இவை எவையும் கம்பஹாவின் 15.6 சதவீதத்தை விளக்கவில்லை. அதை விளக்குவது உள்ளூராட்சிச் சட்டம். முன்னர் மாநகர சபை, நகர சபை, பட்டின சபை ஆகிய மூன்றின் பகுதிகளும் நகரமாகக் கணக்கிடப்பட்டன. 1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தபோது பட்டின சபைகள் கலைக்கப்பட்டன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் பின்னர் அந்தப் பகுதிகள் பிரதேச சபைகளுக்குள் சேர்ந்தன. பிரதேச சபை என்றால் புள்ளிவிபரத்தில் கிராமம். 1981இல் 21.5 சதவீதமாக இருந்த நாட்டின் நகர மக்கள் 2012இல் 18.2 சதவீதமாகக் குறைந்தது இதனால்தான். பட்டினங்கள் சுருங்கவில்லை, அவற்றைக் கணக்கிடும் முறை மாறியது.

ஏற்றுமதி வலயம் அமைந்த பியகமவும், சன நெரிசல் மிக்க கிரிபத்கொடை, கடவத்தைச் சந்திகளும் இந்த முறையில் கிராமமாகவே கணக்கிடப்பட்டன. வடக்கில் பெருஞ்சந்தையும் புகையிரத நிலையமும் கொண்ட சுன்னாகமும் கிராமமானது. மாறாக, 2011இல் கடுவலைப் பிரதேச சபை மாநகர சபையாக உயர்த்தப்பட்டதும் சுமார் இரண்டரை இலட்சம் பேர் நகரவாசிகளாயினர். அயலில் உள்ள ஹோமாகம கிராமமாகவே நீடித்தது.

இந்தியாவில் நகராட்சி இல்லாத ஊரும் நகரமாகக் கணக்கிடப்படலாம். 5,000 மக்கள், சதுர கிலோமீற்றருக்கு 400 பேர் என்ற அடர்த்தி, ஆண் முதன்மைத் தொழிலாளரில் 75 சதவீதத்தினர் வேளாண்மைக்கு வெளியே வேலை செய்தல் ஆகிய மூன்றும் பொருந்தினால் போதும். 2001இல் 26 சதவீதமாக இருந்த கேரளத்தின் நகராக்கம் 2011இல் 47.7 சதவீதத்தை எட்டியதற்கு, இவ்வாறு புதிதாக அடையாளம் காணப்பட்ட ஊர்களே பெருங்காரணம். இந்த அளவுகோல் எங்கள் நாட்டுக்கு அப்படியே பொருந்தாது. வீட்டுத்தோட்டமும் வீடும் கலந்து கிடக்கும் ஈரவலயத்தில் அடர்த்தி மட்டும் நகரத்தைக் காட்டிவிடாது. ஆயினும் ஊரின் இயல்பைப் பார்த்து வகுப்பது, சபையின் பெயரைப் பார்த்து வகுப்பதைவிட நேர்மையானது.

சபையின் பெயரைப் பார்த்து வகுப்பதன் விளைவைச் சுமப்பவர்கள் மக்கள். வடக்கே வலிகாமத்தின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மலசலகூடக் குழியும் குடிநீர்க் கிணறும் ஒரே வளவுக்குள் நெருங்கி நிற்கின்றன. நகருக்குரிய அடர்த்தி அங்கே வந்துவிட்டது; நகருக்குரிய கழிவுநீர்த் திட்டம் வரவில்லை. மலையகத்தில் 2018ஆம் ஆண்டுத் திருத்தம் வரை, தோட்டக் குடியிருப்புகளில் பிரதேச சபை செலவிடுவதற்குச் சட்டமே தடையாக நின்றது. எந்த வகைக்குள் ஓர் ஊரை வைக்கிறோம் என்பதைப் பொறுத்தே அதன் வடிகாலும் குப்பை அகற்றலும் வரவுசெலவும் அமைகின்றன.

2024ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டைக் கையாளும்போது மாவட்டச் சதவீதத்தோடு நின்றுவிடாதீர்கள். கிராம அலுவலர் பிரிவு மட்டத்தில் அடர்த்தி, தொழில், நீர் வழங்கல் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். மாணவர்க்கு அட்டவணையைக் கொடுக்கும் ஆசிரியர்கள் அதன் வரைவிலக்கணத்தையும் சேர்த்துக் கொடுங்கள். பிரதேச சபை அலுவலர்கள் தம் எல்லைக்குள் உள்ள பட்டினங்களைத் தனியாக வரைபடத்தில் குறியுங்கள். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நகரத்துக்குச் சபை எல்லையைச் சாராத வரைவிலக்கணம் ஒன்றைத் தர வேண்டும். அது வரும்வரை, மாவட்டங்களின் நகராக்கத்தை ஒப்பிடும் எந்த முடிவையும் இந்தச் சதவீதக் கணக்கின் மேல் மட்டும் கட்டாதிருப்பது எங்கள் துறையின் கடமை.