வீட்டுல ஒருத்தி மாதிரி!

'வீட்டுல ஒருத்தி மாதிரிதான் வெச்சிருக்கோம்.'

இந்த வாக்கியத்தை நீங்களும் சொல்லியிருப்பீர்கள். அல்லது யாரோ சொல்லும்போது தலையாட்டியிருப்பீர்கள். போன மாதம் என்னிடம் சொன்னது என் சித்தி மகள். அவளும் மாப்பிள்ளையும் சென்னையில் ஐ.டி. இரண்டு வயதில் பெண் குழந்தை. பார்த்துக்கொள்ள வீட்டோடு தங்கி ஒரு அம்மா இருக்கிறார். ஊர் இளையரசனேந்தல்.

"சங்கரன்கோவில் பக்கமா?" என்றேன்.

"அப்படியும் சொல்லலாம் அண்ணாச்சி. பஸ் ஏறுறது, சாமான் வாங்குறது எல்லாம் கோவில்பட்டிதான்" என்றார்.

ஊரே அப்படித்தான். 2008-ல் வருவாய்த்துறைக் கணக்கில் தூத்துக்குடி மாவட்டத்துக்கு மாற்றினார்கள். ஊராட்சி ஒன்றியம் மட்டும் பழையபடி குருவிகுளத்தோடு நின்றது. ஒரே ஒன்றியத்தில் சேருங்கள் என்று அந்த வட்டாரத்துக்காரர்கள் வருஷக் கணக்கில் மனு கொடுத்தார்கள், போராடினார்கள். ஊரில் இரண்டு மாவட்டத்துக்காரர், சென்னையில் எந்தக் கணக்கிலும் இல்லாதவர்!

முன்னே தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தாராம். "கட்டை அடுக்குனா, அடுக்குன கட்டைக்குக் காசு. கம்மிதான். ஆனா சாயங்காலம் ஆபீஸைப் பூட்டிருவாக. வீட்டுக்கு வந்துரலாம்."

அந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். கந்தக வாடையில் வேலை பார்த்த இடத்துக்குக்கூட பூட்டு என்று ஒன்று இருந்தது. இப்போது குழந்தை எழுந்திருக்கும் ஆறு மணிக்கு ஆரம்பம். பால், குளியல், சோறு, பார்க், தூளி, மறுபடி சோறு. குழந்தை தூங்கப் பத்து மணி. அதே அறையில்தான் இவருக்கும் பாய். ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை அழுதால் எழுந்திருப்பது யார் என்று நான் கேட்கவில்லை. தெரிந்த விஷயம்.

சம்பளம் 12,000. 'நல்ல சம்பளம்தானே' என்கிறீர்களா? கணக்குப் போடுவோம். ஒரு நாளைக்கு 400 ரூபாய். பதினாறு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 25. ராத்திரி அழுகை ஃப்ரீ. வீட்டு வேலைக்கு ஆகக் குறைந்த கூலி என்று 2018-ல் தமிழக அரசு சொன்னது மணிக்கு 37 ரூபாய். அதுவும் அன்றைய விலைவாசிக்கு. ஞாயிற்றுக்கிழமை மாலில் காரை ஒரு மணி நேரம் நிறுத்த இதைவிட அதிகம் கொடுத்துவிட்டு வருகிறோம். காரைக் காப்பதைவிடக் குழந்தையைக் காப்பது மலிவு!

"சாப்பாடு போடுறோம், தங்க இடம் தர்றோம், அதெல்லாம் கணக்கு இல்லையா?" என்று சித்தி மகள் கேட்டாள். உன் ஆபீஸில் கேப் அனுப்புகிறார்கள், கேன்டீன் இருக்கிறது. அதனால் பாதிச் சம்பளம் போதும் என்றால் சும்மா இருப்பாயா? அந்த அம்மா உன் வீட்டில் தங்குவது அவர் வசதிக்கா, உன் வசதிக்கா? வாட்ச்மேனுக்கு கேட்டில் நாற்காலி போட்டுவிட்டு யாராவது வாடகை பிடிப்பார்களா?

சரி, 'வீட்டுல ஒருத்தி'க்கு வருவோம். வீட்டில் ஒருத்தி சோபாவில் உட்காருவாள். உடம்பு சரியில்லை என்றால் படுப்பாள். கோபம் வந்தால் கத்துவாள். போனை அவளே வைத்துக்கொள்வாள். ஆதாரை வாங்கி பீரோவில் பூட்ட மாட்டோம். சம்பளம் கேட்கும்போது உறவு. சோபாவில் உட்காரும்போது வேலைக்காரி. இந்த இரட்டை வேஷம் நமக்கு நன்றாகப் பழகிவிட்டது.

அரசாங்கத்துக்கும் இந்த வேஷம் தெரியும். 2013 டிசம்பரில் நியூயார்க்கில் இந்தியத் துணைத் தூதர் தேவயானி கோப்ரகடே கைதானது நினைவிருக்கிறதா? குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இந்தியாவிலிருந்து அழைத்துப்போன பெண்ணுக்கு, விசாவுக்கான ஒப்பந்தத்தில் மணிக்கு 9.75 டாலர் என்று காட்டிவிட்டு, மாதம் 30,000 ரூபாய்தான் பேசியிருந்தார் என்பது அமெரிக்க அரசின் குற்றச்சாட்டு. தூதரை நடத்திய விதம் தப்பு. அதற்கு நாம் கொந்தளித்ததில் நியாயம் இருந்தது. டெல்லி அமெரிக்கத் தூதரகத்தின் முன்னால் இருந்த தடுப்புகளையே எடுத்தார்கள். ஆனால், கூலி கேட்ட பெண்ணும் இந்தியப் பிரஜைதானே? அவருக்காக ஒரு தடுப்புக்கட்டைகூட நகரவில்லை.

சட்டம் சுத்தமாக இல்லை என்று சொல்ல முடியாது. 1959-லேயே நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதா வந்து போயிருக்கிறது. தமிழகத்தில் 2007-ல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் வந்தது. கூலியை நிர்ணயிக்க 2018 ஆனது. ஜெனிவாவில் 2011-ல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு கொண்டுவந்த 189-வது உடன்படிக்கை, வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரம் ஓய்வு கொடு, ஓய்வு நேரத்தில் வீட்டிலேயே கிட என்று கட்டாயப்படுத்தாதே என்கிறது. இந்தியா கை தூக்கி ஆதரித்தது. ஊருக்கு வந்து ஏற்புக் கையெழுத்துப் போடவில்லை! 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வீட்டுப் பணியாளர்களுக்குத் தனிச் சட்டம் பற்றி ஆராயக் குழு போடச் சொன்னது. குழு!

லீவு என்பது ஓய்வுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். 2024 ஜனவரியில் சென்னையில், அப்போதைய ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. ஒருவரின் மகனும் மருமகளும் கைதானார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு தங்கிய, உளுந்தூர்பேட்டைப் பக்கத்துத் தலித் பெண்ணை அடித்ததாக, சூடு வைத்ததாகப் புகார். குற்றமா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நான் பார்ப்பது வேறு. மேலே படிக்கப் பணம் சேர்க்க வந்த பெண் அவர். பொங்கலுக்கு ஊருக்குப் போன பிறகுதான் விஷயமே வெளியே வந்தது. அந்தப் பொங்கல் லீவும் இல்லையென்றால்? தொழிற்சாலைக்குள் இன்ஸ்பெக்டர் போகலாம். உங்கள் ஃபிளாட்டுக்குள் யார் வருவார்கள்? வாரம் ஒரு நாள் அந்தப் பெண் வெளியே போய்த் தன் மனுஷர்களைப் பார்ப்பது ஒன்றுதான் இன்ஸ்பெக்ஷன்.

இதைப் படிக்கும் இளம் தாய்மார்கள் என் மேல் கோபப்படுவது தெரிகிறது. 'எல்லாரும் எங்களையே சொல்லுங்க!' உண்மைதான். 2017-லிருந்து 26 வாரப் பேறுகால விடுப்பு உண்டு. 27-வது வாரம் குழந்தையை எங்கே விடுவது? ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்கிறது சட்டம். உங்கள் ஆபீஸில் எத்தனையாவது மாடியில் இருக்கிறது? ஆயா சம்பளம் ஏன் எப்போதும் அம்மாவின் சம்பளத்திலிருந்தே கழிகிறது? அப்பா யாருக்கோ பெரியப்பாவா?

இருந்தாலும் ஒன்று. முதலாளியிடம் நாம் ஏமாறுவதால் இளையரசனேந்தல்காரரை நாம் ஏமாற்றலாம் என்று ஆகாது. பதினாறு மணி நேரத்துக்குக் கொடுக்க முடியவில்லையா? எட்டு மணி நேரம் வாங்குங்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு இரண்டு பேரும் வீட்டில்தானே இருக்கிறீர்கள்? ராத்திரி அழுகைக்கு முறை போட்டு எழுந்திருங்கள். வேலை நேரம், வார லீவு, சம்பளத் தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

கிளம்பும்போது அந்த அம்மா போனில் ஒரு படம் காட்டினார். பேத்தி. அதற்கும் இரண்டு வயசுதான். "என்னைய பாத்தா இப்பல்லாம் அழுவுது அண்ணாச்சி. ஆள் தெரியல."

சித்தி மகளிடம் மேலே உள்ள கணக்கை ஒரு பேப்பரில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை லீவு விட்டாயிற்று என்று மாப்பிள்ளை சொன்னார். சம்பளம் பேச்சுவார்த்தையில் இருக்கிறதாம். சித்தி மகள் என்னோடு பேசி மூன்று வாரம் ஆகிறது.