பொன்னாடையா, புடமா?

கதை எழுதுகிறவன் தனியே இருந்துதான் எழுதவேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால், தான் எழுதியது கதையாயிற்றா என்பதைத் தனியே இருந்து அவனால் அறிந்துகொள்ள முடியுமா? முடியாது என்பதே என் கட்சி.

நம் முன்னோர் நூலை அரங்கேற்றினார்கள். கற்றோர் அவையிலே ஆசிரியன் தன் நூலைப் படிப்பான், தடைகள் எழும், அவற்றுக்கு அவன் விடை கூறவேண்டும். இன்று நாம் வெளியீட்டு விழா நடத்துகிறோம். தலைமையுரை, வெளியீட்டுரை, நயவுரை, ஏற்புரை, முதற் பிரதி பெறுவோர், சிறப்புப் பிரதி பெறுவோர், ஈற்றிலே பொன்னாடை. வந்திருப்பவர்களுள் எவரும் நூலைப் படித்திருக்கவேண்டும் என்ற நிர்ப்பந்தம் மட்டும் இல்லை.

ஈழத்துச் சிறுகதை இவ்வாறு வளர்ந்ததன்று. 1930 இல் நா. பொன்னையா தொடங்கிய ‘ஈழகேசரி’ இளைஞர் பலருக்கு எழுதுகளமாயிற்று. 1943 இல் வரதர், அ. செ. முருகானந்தன், அ. ந. கந்தசாமி முதலியோர் யாழ்ப்பாணத்தில் மறுமலர்ச்சிச் சங்கத்தைக் கண்டனர். ‘மறுமலர்ச்சி’ சஞ்சிகை வெளிவந்ததோ 1946 இல். சங்கம் முந்தியது, சஞ்சிகை பிந்தியது என்ற இந்த ஒழுங்கு சிந்திக்கத்தக்கது. 1948 வரையே அச்சஞ்சிகை வாழ்ந்ததெனினும், அதன் பெயரால் ஒரு தலைமுறையையே இன்றும் அழைக்கிறோம். பின்னர் 1966 இல் ‘மல்லிகை’யைத் தொடங்கிய டொமினிக் ஜீவாவின் முடிதிருத்தும் நிலையமும் எழுத்தாளர் கூடும் களமாக இருந்ததை இலக்கிய உலகம் அறியும்.

இத்தகைய கூட்டத்தினால் என்ன பயன் என்று கேட்பார்க்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்லுகிறேன். இளமையிலே, ஓர் ஆசிரியரின் வீட்டு விறாந்தையில் மாதம் ஒருமுறை கூடுவோம். ஒருநாள் என் கதையைப் படித்தேன். மகனைப் பறிகொடுத்த ஏழைத் தாயொருத்தி, அவன் உடலின்மேல் விழுந்து, இலக்கணம் வழுவாத தமிழில் ஒரு பக்கம் புலம்புவாள். படித்து முடித்ததும் ஆசிரியர் கேட்டது ஒன்றே: “தம்பி, உம்முடைய ஊரிலை தாய்மார் இப்பிடியே அழுகிறவை?”

எனக்குக் கோபம் வந்தது. ஆயினும் அக்கேள்வி என்னைத் தொடர்ந்தது. சில வாரங்களின் பின் அயலிலே ஒரு சாவீட்டுக்குச் சென்றேன். மகனை இழந்த தாய் அழவில்லை. குசினிப் பக்கம் பார்த்து, “வந்தவைக்குத் தேத்தண்ணி குடுத்தனீங்களே?” என்றாள். அதைக் கேட்ட பெண்கள்தாம் அழுதார்கள். வீடு திரும்பிய நான் அந்தப் பக்கம் முழுவதையும் வெட்டிவிட்டு அவ்வொரு வசனத்தை வைத்தேன். துயரத்தை எழுத்தாளன் விளக்கினால் வாசகனுக்கு வேலையில்லாமற் போகும் என்னும் பாடத்தை எந்த நூலும் எனக்குக் கற்பிக்கவில்லை; அந்த விறாந்தையே கற்பித்தது.

அக்கடனை நான் அடைத்தேனா? இல்லை. பல ஆண்டுகளின் பின், இளைஞர் ஒருவர் தம் கதைகளைக் கொண்டுவந்து அணிந்துரை கேட்டார். எல்லாக் கதைகளிலும் மனிதர் பேசவில்லை, ஆசிரியரே பேசினார். அது எனக்குத் தெரிந்தது. அவர் மனம் நோகுமென்று அஞ்சி, இனிய சொற்களால் இரண்டு பக்கம் எழுதிக்கொடுத்தேன். அவர் கடன்பட்டு 300 பிரதிகள் அச்சிட்டார். விழா சிறப்பாக நடந்தது. விற்காத கட்டுகள் கட்டிலின் கீழ்ச் சென்றன. பின்னொருநாள் அவர் என்னிடம், “அண்ணை, உங்களுக்கு அப்பவே தெரியுமோ?” என்று கேட்டார். நான் நிலத்தைப் பார்த்தேன். அவர் இப்பொழுது எழுதுவதில்லை.

கூட்டங்களிலும் குறையுண்டு என்பதை மறைக்கவில்லை. 1960களில் முற்போக்கு, நற்போக்கு என அணிகள் பிரிந்து மோதிய காலத்திலே, கதை எப்படி இருக்கிறது என்பதற்கு முன் கதாசிரியன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று கேட்கும் வழக்கமும் வளர்ந்தது. அணிக்காகப் புகழ்வதும் அணிக்காக இகழ்வதும் கதையைப் படியாமைக்கு இரு பெயர்களேயாம். எனினும், அன்று சண்டையிடவாவது படித்தார்கள். இன்றைய மௌனம் அதனினும் கொடிது.

ஆதலால், ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நான் வேண்டுவது சிறிய காரியமே. விழாவுக்கு மண்டபம் தேடுமுன், ஐந்து பேர் கூடும் ஒரு விறாந்தையைத் தேடுங்கள். கையெழுத்துப் பிரதியை உரக்கப் படியுங்கள். நா இடறும் இடத்திலே பெரும்பாலும் கதையும் இடறியிருக்கும். கேட்போர், “நன்று”, “தீது” என்று தீர்ப்புக் கூறவேண்டாம். எந்த இடத்தில் நம்பமுடியாமற் போயிற்று என்பதை மட்டும் சொல்லட்டும். எழுதியவர் அன்று வாதாடாமற் கேட்டுக்கொண்டு வீடு செல்லட்டும்.

பொன்னாடை ஒரு மாலைப்பொழுதுக்குத் தோளை மூடும். அதனடியிலே குறையும் மூடிக்கொள்ளும். பொன்னுக்கு வேண்டியது புடம். இனி என்னிடம் அணிந்துரை கேட்டு வருவோருக்கு முதலில் ஒரு கேள்வியையே கொடுப்பதென்று உறுதி செய்துள்ளேன். அவர்கள் என்னைக் கோபிக்கட்டும். எழுதுவதை மட்டும் விட்டுவிடாதிருக்கட்டும்.